கற்பூர நாத்தும் உறைபனியும்: என் 20 செடிகள் ஏன் கருகின?



போன டிசம்பரில் நம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்ததே, அதில் மூன்றாவது மேசையில் கருத்துப்போன 20 செடிகளை வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றாளே, அது நான்தான். "என்னடி, கீரையை வேக வெச்சுக் கொண்டு வந்திருக்க?" என்று நிறைய பேர் கேட்டுவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. இப்போது கொஞ்சம் தெரியும், அதைத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன். (படங்கள் கீழே வலது மூலையில். மரம் மாதிரி இல்லை என்று சொல்லாதீர்கள், ஸ்கெட்ச் பேனா காய்ந்துவிட்டது.)

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் மைதானத்து ஓர கற்பூர மரத்தடியில் காய்களைப் பொறுக்கினேன். நாம சின்ன வயசில் பம்பரம் விடுவோமே, அதே காய். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் வெடித்து, மிளகுத்தூள் மாதிரி விதை கொட்டும். அதில் கறுப்பாக, கொஞ்சம் பெரிதாக இருப்பதுதான் முளைக்கிற விதை. பழுப்பு நிறத்தில் இருப்பது வெறும் சக்கை. விதைத்ததில் 38 முளைத்தன. வீட்டில் அப்பா பூச்செடி வைக்கிற பாலித்தீன் கூடாரத்துக்குள் நாற்றுப் பைகளில் வைத்து, தினமும் தண்ணீர், வாரம் ஒரு தடவை யூரியா கரைத்த தண்ணீர் என்று குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். டிசம்பரில் ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். பளபளவென்று இளசாக இருந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் 20 பைகளைப் பள்ளிக்குக் கொண்டு வந்து, மேடைக்குப் பக்கத்தில் கீழ் மைதானத்தில் இறக்கி வைத்தேன். அறையைப் பூட்டிவிட்டார்கள், காலையில் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று இரவு அந்த வருஷத்தின் முதல் பெரிய உறைபனி. காலை 7 மணிக்கு வந்து பார்த்தால் புல் முழுக்க உப்பு கொட்டின மாதிரி வெள்ளை. என் நாத்துகளின் இலையிலும் வெள்ளை. வெயில் பட்டதும் வெள்ளை உருகியது, இலை தொங்கியது, மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டது.

அழுதுகொண்டு நின்றபோது உயிரியல் டீச்சர் வந்து பார்த்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர், "அந்த மேல் கரையில தானா முளைச்ச கற்பூரக் கன்னு நாலு இருக்கே, அது ஏன் சாகல?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலும் நன்றாக இருந்தன. அதே மரத்து விதை. அதே இரவு. கிட்டத்தட்ட அதே உயரம்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம்

நம் மலையில் கற்பூர மரம் என்றும், சமவெளியில் தைல மரம் என்றும் சொல்கிற யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. நீலகிரியில் அதிகம் இருப்பது ப்ளூகம் என்கிற யூகலிப்டஸ் குளோபுலஸ். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவின் மாநில மலர் இதுதான். நீலகிரிக்கு 1843-ல் வந்தது. விறகுக்காக 1856 முதல் தோப்புத் தோப்பாக நட்டார்கள். மீதிக் கதை, சோலையும் புல்வெளியும் இதனால் குறைந்த கதை, உங்களுக்கே தெரியும். அதனால் "இதை ஏன் வளர்க்கிற?" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நடுவதற்காக வளர்க்கவில்லை. சுலபமாக முளைக்கும், விதை இலவசம், அவ்வளவுதான்.

இந்த மரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் வீட்டுப் பக்கம் பிளம்ஸ் மரமும் பேரி மரமும் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, மொட்டை மூடிக்கொண்டு தூங்கிவிடும். கற்பூர மரம் அப்படித் தூங்காது. செதில் போர்த்திய குளிர்கால மொட்டு அதற்குக் கிடையாது. கொஞ்சம் வெயில் கிடைத்தால் போதும், ஜனவரியிலும் வளரும். அதனால் பனி வரும்போது இலையோடும் இளந்தளிரோடும் நின்றுதான் சமாளிக்க வேண்டும்.

பனி எங்கே விழும்?

நவம்பரில் நமக்கு வருவது நீர்ப்பனி. டிசம்பர், ஜனவரியில் மேகமே இல்லாத, காற்றே அடிக்காத இரவில் வருவது உறைபனி. பகலில் வாங்கின சூட்டை நிலம் இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் கம்பளி மாதிரி அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். இல்லையென்றால் சூடு போனது போனதுதான். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானமும் தலைகுந்தாவும் முதலில் வெளுப்பது இதனால்தான்.

நம் பள்ளியின் பள்ளம் எது? மேடைக்குப் பக்கத்துக் கீழ் மைதானம்! நான் பை வைத்த அதே இடம். மேல் கரை சரிவில் இருக்கிறது. அப்படியானால் கரையில் இருந்த கன்றுகள் பிழைத்தது அங்கே குளிர் கம்மி என்பதால்தானா? "ரெண்டும் ஒரே இடத்துல இருந்தாதான் ஒப்பிட முடியும். நீ ஒப்பிட்டது இடத்தையா, செடியையா?" என்றார் டீச்சர். அதனால் வீட்டில் மீதி இருந்த 18 நாத்துகளை வைத்து மறுபடியும் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் இலைக்குள் என்ன நடக்கிறது என்று படிக்கச் சொன்னார். அதை முடிந்த மட்டும் எளிமையாக எழுதுகிறேன்.

இலைக்குள் நடப்பது

நான் நினைத்தது, குளிரில் செல் உறைந்து வெடிக்கிறது என்று. பிரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் வெடிக்குமே, அது மாதிரி. அது அவ்வளவு சரியில்லை. இலையில் ஐஸ் முதலில் செல்லுக்கு உள்ளே உண்டாவதில்லை, செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் உள்ள இடத்தில்தான் உண்டாகிறது. அந்த ஐஸ் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். செல் சுருங்கும். அதாவது பனியில் செடி சாவது பாதிக்கு மேல் தாகத்தால்தான். பழகிய செல் இந்தச் சுருக்கத்தைத் தாங்கிக்கொண்டு, ஐஸ் உருகியதும் தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பழகாத செல்லின் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். செல்லுக்கு உள்ளேயே ஐஸ் வந்துவிட்டால் கதை முடிந்தது. அப்போது உள்ளே இருந்த சாறெல்லாம் வெளியே கசிந்து, இலை வெந்த கீரை மாதிரி ஆகிவிடும். நீங்கள் கேலி பண்ணினது அறிவியல்படி சரிதான்!

பழகுவது என்றால் என்ன? இரண்டு சமையலறை உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, எண்ணெய். நம் ஊரில் டிசம்பரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது, கல் மாதிரி உறைந்திருக்கும். பக்கத்தில் இருக்கிற நல்லெண்ணெய் பாட்டு வடியும். இரண்டும் கொழுப்புதான். ஆனால் நல்லெண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அமிலம் அதிகம், அதனால் லேசில் இறுகாது. செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். குளிர் மெதுவாக வரும்போது செடி தன் சவ்வில் நிறைவுறாத வகையைக் கூட்டிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்லெண்ணெயாக மாற்றுகிற மாதிரி. இதற்கு நாள் பிடிக்கும். ஒரே இரவில் முடியாது.

இரண்டாவது, சர்க்கரை. ஒரு டம்ளர் வெறும் தண்ணீர், ஒரு டம்ளர் திக்கான சர்க்கரைப் பாகு, இரண்டையும் மாடியில் இரவு வைத்தேன். காலையில் தண்ணீர் மேல் ஐஸ் தகடு, பாகு அப்படியே இருந்தது (எறும்பு மட்டும் மூன்று). குளிரில் வளர்ச்சி குறையும்போது, இலை தயாரிக்கும் சர்க்கரை செலவாகாமல் செல்லில் சேர்கிறது. அது உறையும் வெப்பநிலையைச் சற்று இறக்கும். அதைவிட முக்கியம், செல் சுருங்கும்போது சவ்வும் புரதங்களும் நொறுங்காமல் காக்கும்.

இந்த இரண்டோடு இன்னும் பல மாற்றங்களும் சேர்ந்ததைத்தான் புத்தகத்தில் 'குளிருக்குப் பதப்படுதல்' என்கிறார்கள். என் கூடாரத்து நாத்துகளுக்கு இந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. அங்கே இரவிலும் கதகதப்பு, தினமும் தண்ணீர், யூரியா. அவை டிசம்பர் என்றே தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தன.

பனிக்காலம் வருவது செடிக்கு எப்படித் தெரியும்? குளிர் நாடுகளில் பகல் நேரம் குறைவதும் ஒரு அறிகுறி. டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் குளிர்காலத்தில் பகல் சுமார் 9 மணி நேரம்தான், கோடையில் 15-க்கும் மேல். நம் ஊட்டியிலோ டிசம்பரில் சுமார் பதினொன்றரை, ஜூனில் பன்னிரண்டே முக்கால். பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் யூகலிப்டஸைப் பதப்படுத்துவதில் முக்கியப் பங்கு குளிர்ந்த இரவுகளுக்குத்தான். அக்டோபர் கடைசியிலிருந்து ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரும்போது, மேல் கரைக் கன்றுகள் தயாராகிக்கொண்டிருந்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தாத்தா தைலம் காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்த்தவர். இதையெல்லாம் சொன்னபோது, "இதுக்கா பத்து பக்கம் படிச்ச? நாத்தைக் கொஞ்சம் காயப்போட்டு, வெளிய நிறுத்தி, அப்புறம்தான் நடணும்னு நாங்க அப்பவே செய்வோமே" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாமே தாத்தா!

இரண்டாவது முயற்சி

18 நாத்துகளை ஆறு ஆறாகப் பிரித்தேன்.

'அ' பிரிவு: பழையபடி கூடாரத்துக்குள் யூரியா, தண்ணீர்.

'ஆ' பிரிவு: யூரியா கட். தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை. முதல் வாரம் பகல் முழுக்க வெளியே, இரவு 8 மணிக்குத் திண்ணைக்கு. இரண்டாவது வாரம் இரவெல்லாம் திண்ணையிலேயே. மூன்றாவது வாரம் இரவெல்லாம் வெளியே, ஆனால் மேலே பெரணிச் செடியை வெட்டிப் போட்டு மூடி. தேயிலை இளஞ்செடிக்கு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

'இ' பிரிவு: 'ஆ' மாதிரியேதான். ஆனால் சோதனை அன்று கிழக்குப் பக்கம் சாக்கு கட்டி, காலை 10 மணி வரை நேர் வெயில் படாமல் வைத்தேன். இது ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஜனவரி கடைசி வாரம், வானம் துடைத்த மாதிரி இருந்த ஒரு சாயங்காலம் 18 பைகளையும் அதே கீழ் மைதானத்தில் கலந்து அடுக்கினேன், சாக்கு கட்டின 6 மட்டும் ஓரத்தில். காலை 6 மணிக்கு அப்பாவோடு வந்தேன். லேப் தெர்மாமீட்டர் புல் மேல் மைனஸ் 2 டிகிரி காட்டியது. அதே நேரம் வராண்டாவில் 2 டிகிரி. ஒரு ஆள் உயரத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பார்த்ததில் 'அ' பிரிவில் 5 முழுக்கக் கறுத்தன, ஒன்று பாதி. 'ஆ' பிரிவில் ஆறும் உயிரோடு இருந்தன. 'இ' பிரிவிலும் ஆறும். ஒரே இடம், ஒரே இரவு. டீச்சரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. இடமும் முக்கியம்தான், ஆனால் இடம் ஒன்றாக இருந்தும் பழகின நாத்து பிழைத்தது, பழகாதது கருகியது.

கண்ணால் பார்த்தது போதாது என்று இயற்பியல் சார் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். பேப்பர் பஞ்சிங் மெஷினால் 'அ' இலையிலும் 'ஆ' இலையிலும் பத்துப் பத்து வட்டம் வெட்டி, தனித்தனி டெஸ்ட் டியூபில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்தோம். பழைய பேட்டரிக் கட்டையிலிருந்து எடுத்த இரண்டு கார்பன் குச்சி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு மில்லி அம்மீட்டர். செல் சவ்வு கிழிந்திருந்தால் உள்ளே இருந்த உப்புகள் தண்ணீரில் கசியும், மின்சாரம் அதிகம் பாயும். 'ஆ' தண்ணீரில் முள் அசைந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. 'அ' தண்ணீரில் சட்டென்று ஏறியது. பிறகு இரண்டையும் கொதிக்க வைத்தோம். கொதித்தால் எல்லா செல்லும் உடைந்துவிடும், முழுக் கசிவு எவ்வளவு என்று தெரியும். அப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. அதாவது உப்பு இரண்டு இலையிலும் இருந்தது, 'ஆ' இலை அதைக் கசிய விடவில்லை. ஆராய்ச்சியாளர்களும் குளிர் தாங்கும் திறனை இந்த முறையில்தான் அளக்கிறார்கள், கருவி மட்டும் பெரியது. இந்த முழு ஆண்டில் எனக்கு மிகவும் சந்தோஷமான நிமிஷம் அந்த முள் ஏறினதுதான்.

காலை வெயில்

சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். பனி அடித்த செடிக்கு இரவை விட காலைதான் ஆபத்து என்று ஊரில் சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. உறைந்த இலையில் ஒளிச்சேர்க்கையின் வேதிவினைகள் மந்தமாக இருக்கும். ஆனால் பச்சையம் வெளிச்சத்தை வாங்குவதை நிறுத்தாது. வாங்கின ஆற்றலைச் செலவழிக்க வழி இல்லாமல், அது இலையையே கெடுக்கத் தொடங்கும். டாஸ்மேனியாவில் புதிதாக நட்ட யூகலிப்டஸ் நாத்துகளுக்கு நிழல் வலைத் தடுப்பு வைத்துப் பார்த்து, இந்தப் பாதிப்பு குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் உறைபனி விழுந்த மறுநாள் வானம் நீலமாக, வெயில் சுள்ளென்று இருக்குமே, அதுதான் மோசமான கூட்டு.

குளிர்காலத்தில் கற்பூரக் கன்றின் மேல் இலை சிவப்பும் ஊதாவும் கலந்து தெரியும். நான் நோய் என்று நினைத்தேன். அது ஆந்தோசயனின் என்ற நிறமி, இலை தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கூலிங் கிளாஸ். இளம் இலையின் மேல் விபூதி பூசின மாதிரி இருக்கும் மெழுகுப் பூச்சும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஹோபார்ட்டுக்கு மேலே உள்ள வெலிங்டன் மலையில் (நம் குன்னூர் வெலிங்டன் இல்லை) யூகலிப்டஸ் அர்னிஜெரா என்ற இனம் அடிவாரத்துப் பக்கம் பச்சையாகவும், உயரே போகப் போக விபூதி நிறமாகவும் மாறுகிறது.

என் 'ஆ' பிரிவில் மேல் இலைகள் சிவந்து, ஓரம் வெளுத்தன. 'இ' பிரிவு பச்சையாக இருந்தது. வெயிலைத் தடுத்ததால் என்று எழுதிவிட்டேன். டீச்சர் சிவப்பு மையில், "சாக்கு இரவில் குளிரையும் தடுத்திருக்குமே?" என்று எழுதினார். உண்மைதான். சாக்கைக் காலையில் மட்டும் கட்டியிருக்க வேண்டும். ஆகவே இந்தப் பகுதியை என் சோதனை நிரூபித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஜனவரியில் யாராவது செய்து பாருங்கள்.

எல்லைகள்

பழக்கினால் எந்தக் குளிரையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. நன்றாகப் பதப்பட்ட ப்ளூகம் சுமார் மைனஸ் 6 முதல் 8 டிகிரி வரைதான். ஆஸ்திரேலிய மலைகளின் ஸ்னோ கம் மைனஸ் 15-க்கும் கீழே தாங்கும். அது பரம்பரை. பழக்கம் அந்த இனத்துக்கு உள்ள எல்லை வரை கொண்டுபோகும், அதைத் தாண்ட விடாது. 1972 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓக்லாண்ட், பெர்க்லி குன்றுகளில் நாள் கணக்கில் கடும் உறைபனி நீடித்தபோது, அங்கே நட்டிருந்த ப்ளூகம் மரங்கள் ஆயிரக்கணக்கில் கருகின. அவை நாத்து இல்லை, வளர்ந்த மரங்கள்.

இன்னொன்று, பதம் நிரந்தரமில்லை. சேர வாரக்கணக்கு ஆகும், கதகதப்பாக நாலு நாள் இருந்தால் குறையத் தொடங்கும். பிப்ரவரியில் சூடு வந்து, தளிர் விட்ட பிறகு திடீரென்று வரும் பின்பனி அதனால்தான் அதிகம் சேதம் செய்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதினேன் என்றால், நம் சுற்றுச்சூழல் மன்றம் நிழல் வலைக்குள் சோலை மர நாத்து வளர்க்கிறது. அவற்றைத் திறந்த புல்வெளி ஓரத்தில் நடப் போகிறார்கள். சோலை மரம் பள்ளத்தாக்கு மடிப்பிலேயே நின்றுவிட்டு, புல்வெளிக்கு ஏன் பரவுவதில்லை என்பதற்கு உறைபனி ஒரு காரணம் என்று 1938-லேயே ரங்கநாதன் என்ற வன அதிகாரி எழுதியிருக்கிறார். நம் நாத்துகளும் என் 20 மாதிரி ஆகக்கூடாது. ஜூன் மழையில் நட்டால் பனிக்கு முன் ஐந்தாறு மாதம் கிடைக்கும். நடுவதற்கு முன் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கலாம், பள்ளத்தைத் தவிர்க்கலாம், முதல் ஜனவரிக்குப் பெரணி மூடலாம். கற்பூரத்துக்குச் சரியானது சோலை மரத்துக்கும் அப்படியே சரி என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு இனத்திலும் நாலு நாத்தை முதலில் வெளியே வைத்துப் பார்க்கச் சொல்லி மன்றத்திடம் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக அந்த 20 பைகள். கண்காட்சி முடிந்ததும் லேபுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். நம் ஆயா அக்கா பாத்திரம் கழுவும்போது அதன் மேலும் ஒரு கை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மார்ச் முதல் வாரம் கூப்பிட்டுக் காட்டினார். காய்ந்த குச்சிக்கு அடியில், மண்ணோடு ஒட்டின இடத்தில், மிளகு அளவு புடைப்பிலிருந்து தளிர்! விதையிலை இருந்த கணுவில் உண்டாகும் கட்டை வேர்முடிச்சு அது. மேலே எல்லாம் போனாலும் அதில் உறங்கும் மொட்டுகள் பிழைத்திருந்தால் துளிர்க்கும். கலிபோர்னியாவிலும் செத்ததாக நினைத்த மரங்களில் நிறைய அடியிலிருந்து திரும்பத் தளிர்த்தன. இன்று காலை எண்ணிப் பார்த்தேன், 20-ல் 7. மீதி 13 பைகளையும் நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. லேபுக்குப் பின்னால் கிரிக்கெட் விளையாடுபவர்கள் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி விளையாடவும்.

— 11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு